ராமேஸ்வரம் கிளம்புற நம்ம ஊர்க்காரங்களுக்கு

போன மாசம் தனுஷ்கோடியில ஒண்ணு பார்த்தேன். இன்னும் மனசு ஆறல.

ரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, மணல்ல ஊத்து தோண்டி ஒரு ஆத்தா தண்ணி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. கொட்டாங்குச்சியால மொண்டு மொண்டு குடத்துல ஊத்துறாங்க. அவசரமே இல்லாத கை. ஒரு வேன் வந்து நின்னுச்சு. இறங்குன பையங்கள்ல ஒருத்தன் செல்போன நீட்டி, "பாட்டி, இன்னொரு தடவ மொள்ளுங்க, வீடியோவுல சரியா விழல"ங்கிறான். இன்னொருத்தன் காலுல ஒட்டியிருந்த மணல அந்தக் குழியிலயே கழுவுறான்.

ஆத்தா ஒரு வார்த்தை சொல்லல. கலங்குன தண்ணிய அள்ளி வெளிய ஊத்திட்டு, மறுபடி ஊறட்டும்னு பக்கத்துல உக்காந்துட்டாங்க.

வேன் நம்ம விருதுநகர் மாவட்டத்து வேன். அதான் இந்தப் பதிவு.

அந்தத் தண்ணி எங்கருந்து வருதுன்னு முதல்ல சொல்லிடுறேன். ரெண்டு பக்கமும் கடல். நடுவுல ஒரு துண்டு மணல். அதுல பெய்யுற மழை மணலுக்குள்ள இறங்கித் தங்குது. நல்ல தண்ணி உப்புத் தண்ணிய விட லேசு, அதனால அடியில இருக்குற கடல் தண்ணிக்கு மேல மிதந்துக்கிட்டு நிக்குது. ரொம்ப ஆழமாத் தோண்டினா உப்பு ஏறிடும். அளவாத் தோண்டி, மேலாப்புல மெதுவா மொண்டாதான் இனிப்புத் தண்ணி. 1964 புயலுக்கு அப்புறம் அரசாங்கம் குடியிருக்கத் தகுதியில்லாத இடம்னு சொல்லிட்ட மண்ணுல, மீனவக் குடும்பங்க இன்னும் வாழுதுன்னா இந்த ஊத்து தெரிஞ்ச கைங்கதான் காரணம். அதுல போய் கால் கழுவலாமா?

இத நான் சொல்றதுக்கு ஒரு உரிமை இருக்குன்னு நினைக்கிறேன். நான் சுந்தரபாண்டியத்துக்காரி. ஆடி அமாவாசைன்னா சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போற கூட்டத்துல நிறைய பேரு எங்க பக்கத்தத் தாண்டித்தான் மலையடிவாரத்துல இருக்குற தாணிப்பாறைக்குப் போகணும். எங்க வாய்க்கால்ல குளிச்சு, எங்க மரத்தடியில சமைச்சு, இலையையும் பாலிதீனையும் அங்கனயே போட்டுட்டுப் போறவங்கள சின்ன வயசுலருந்து பார்க்குறேன். "மழை வர்ற மாதிரி இருக்கு, ஓடையத் தாண்டாதீங்க"ன்னு ஊர்க்காரங்க சொன்னா கேக்காதவங்களையும் பார்த்திருக்கேன். 2015 மே மாசம் அந்த மலையோடையில திடீர்னு வெள்ளம் வந்து பக்தர்கள் செத்தே போனாங்க. வர்றவங்களால ஒரு ஊர் என்ன பாடு படும்னு நமக்குத் தெரியும். தெரிஞ்ச நாமளே இன்னொரு ஊருக்குப் போய் இப்படி நடந்துக்கிட்டா எப்படி?

சரி, விஷயத்துக்கு வரேன்.

போற வழி

நம்ம பக்கத்துலருந்து போறவங்க கிருஷ்ணன்கோயில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியா மதுரை போய், அங்கருந்து ரயிலோ பஸ்ஸோ பிடிக்கிறதுதான் வழக்கம். நானும் பஸ், வேன், ரயில்னு எல்லாத்துலயும் போய்ப் பார்த்துட்டேன். என் ஓட்டு ரயிலுக்குத்தான். காரணம் பாம்பன் பாலம்.

பழைய பாலம் 1914ல திறந்தது. நூறு வருஷத்துக்கு மேல உழைச்சிட்டு, 2022 டிசம்பர்ல ரயில் போறது நின்னுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேல தீவுக்கு ரயிலே இல்ல. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறந்தாங்க. கப்பல் போகணும்னா 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒண்ணு அப்படியே நட்டுக்குத்தா மேல ஏறுது. இந்தியாவுல கடல்மேல இந்த மாதிரி பாலம் இதுதான் முதல்.

பாலத்துல ரயில் போறப்ப ஜன்னலோரம் பிள்ளைங்கள உக்கார வைங்க. வாசப்படியில தொங்கிக்கிட்டு செல்ஃபி எடுக்கிறது மட்டும் வேண்டாம். கடக்காத்து எப்ப இழுக்கும்னு சொல்ல முடியாது.

கார்ல போறவங்களுக்கு ஒரு விண்ணப்பம். ரோட்டுப் பாலம் (1988ல திறந்தது, இந்திரா காந்தி பேர் வச்சது) ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம். அது நடுவுல வண்டிய ஓரங்கட்டிட்டு குடும்பத்தோட இறங்கி போட்டோ எடுக்கிறாங்க. அந்தத் தீவுக்கு ஆம்புலன்ஸ் போறதும் அந்த ஒரே ரோட்டுலதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆளக் கொண்டு போகணும்னா ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ அந்தப் பாலம் வழியாத்தான் வரணும். தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. பாலம் தாண்டி இறங்கினதும் பாம்பன்ல நிறுத்தி எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க.

(கையில ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அரைக்கிலோ கூடுதலா வச்சுக்கோங்க. தங்குற இடத்துல, படகுக்காரர் வீட்டுல கொடுத்தா அந்த முகம் மலர்றத பார்க்கணும். ஆனா அங்க வெக்கை ஜாஸ்தி. போன அன்னைக்கே கொடுத்துடுங்க.)

கோயில்

விடியக்காலையில போங்க. இத விட நல்ல யோசனை என்கிட்ட இல்ல.

நடை காலையில அஞ்சு மணிக்குத் திறந்து ஸ்படிக லிங்க தரிசனம் நடக்கும். அதப் பார்க்கணும்னா இருட்டோட எழுந்திரிக்கணும். மத்தியானம் நடை சாத்திடுவாங்க, மறுபடி மூணு மணி வாக்குல திறப்பாங்க. செல்போன் உள்ள கொண்டு போக முடியாது. லாட்ஜ்லயே வச்சுட்டுப் போயிட்டா வெளிய பாதுகாப்பு கவுண்டர்ல வரிசை நிக்கிற வேலை இல்ல.

முறை என்னன்னா, முதல்ல அக்னி தீர்த்தம், அதாவது கோயிலுக்குக் கிழக்கே இருக்குற கடல்ல குளியல். பிறகு ஈரத் துணியோட உள்ள போய் 22 தீர்த்தம். பிறகு துணி மாத்திக்கிட்டு சாமி தரிசனம். ஈரத்தோட சன்னிதிக்கு விடமாட்டாங்க. மாத்துத் துணிய கட்டுன பையில ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டு, அவரக் குளிக்கவிடாம உக்கார வச்சுட்டுப் போறதுதான் எங்க வீட்டு ஏற்பாடு. அடுத்த சுத்துல அவர் போவார், இன்னொருத்தர் காவல்.

22 தீர்த்தத்துக்கு கோயில் கவுண்டர்ல சீட்டு இருக்கு. நான் வாங்குனப்ப 25 ரூபாய். போர்டுல போட்டிருக்குற விலையப் பார்த்து அங்கயே வாங்குங்க. "சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்"னு வழியில மறிக்கிறவங்க கேக்குற தொகை எங்கயோ இருக்கும். அதே நேரம், கிணத்து மேட்டுல நின்னு நாள் பூரா வாளி இறைச்சு ஊத்துறாரே, அந்த மனுஷனப் பார்த்து "எனக்குப் பத்தல, இன்னொரு வாளி ஊத்து"ன்னு அதிகாரம் பண்றதும் அசிங்கம். கும்பிட்டு வாங்கிக்கோங்க. மனசு இருந்தா ஏதாவது கொடுங்க.

தரை முழுக்க ஈரம். கல்லு வழுக்கும். எங்க அம்மாவுக்கு மூட்டுவலி, அவங்களக் கூட்டிட்டுப் போனப்ப சுவத்தோரமா கையப் பிடிச்சு நடத்தித்தான் கடைசி தீர்த்தமான கோடி தீர்த்தம் வரைக்கும் கொண்டு போனோம். வயசானவங்களுக்கு 22ம் முடியலன்னா நாலஞ்சோட நிறுத்திக்கோங்க. சாமி கோவிச்சுக்காது. பொம்பளைங்க நல்ல கெட்டியான, அடர் நிற காட்டன் துணி போட்டுட்டுப் போங்க. ஈரமானப்புறம் சங்கடம் இருக்காது.

மூணாம் பிரகாரத்த மட்டும் அவசரப்படாம சுத்துங்க. 1,212 தூணு. சேதுபதி மன்னர்கள் காலத்து வேலை. மதியம் நடை சாத்துறதுக்கு முந்தி கூட்டம் குறையுற நேரம் பார்த்து, ஒரு மூலையில நின்னு நேரா அந்தக் கோடி வரைக்கும் பாருங்க. நான் ஒவ்வொரு தடவையும் அங்கதான் ரொம்ப நேரம் நிக்கிறேன்.

பழைய துணி

இதுக்குத் தனியா எழுதணும். அவ்வளவு வருத்தம் எனக்கு.

அக்னி தீர்த்தத்துல குளிச்சிட்டு, கட்டியிருந்த துணிய கடல்ல விட்டா பாவம் போயிடும்னு யாரோ கிளப்பி விட்டிருக்காங்க. அமாவாசை முடிஞ்ச மறுநாள் அந்தக் கரைக்குப் போய்ப் பாருங்க. சேலை, வேட்டி, துண்டு எல்லாம் மணல்ல பாதி புதைஞ்சு, பாதி தண்ணியில ஆடிக்கிட்டு கிடக்கும். அதுல பாலியஸ்டர்தான் முக்காவாசி. மக்கவே மக்காது. நகராட்சித் தொழிலாளிங்க இடுப்பளவு தண்ணியில இறங்கி இழுத்து இழுத்துக் குவிக்கிறாங்க. நம்ம பாவத்த அவங்க தூக்கணுமா?

தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவ நான். ஒரு சேலைக்குப் பின்னாடி எத்தனை பேர் உழைப்பு இருக்குன்னு நம்ம ஊர்ல யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல. அதக் கடல்ல வீசுறதுக்கு எப்படி மனசு வருது? துவைச்சு, காயவச்சு, அங்கயே இல்லாத ஒருத்தருக்குக் கொடுங்க. புண்ணியம் அதுல இருக்கு.

தர்ப்பணம் பண்றவங்க தட்சிணைய முன்னாடியே பேசி முடிவு பண்ணிட்டு உக்காருங்க. பாதியில பேரம் பேசி, அப்பா அம்மாவ நினைக்க வேண்டிய நேரத்துல சண்டை போடுறத பார்க்கவே கஷ்டமா இருக்கு.

தனுஷ்கோடி

முன்னெல்லாம் முகுந்தராயர் சத்திரத்துலருந்து மணல்ல ஜீப்புல குலுங்கிக்கிட்டுப் போகணும். 2017லருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு. டவுன் பஸ்ஸே போகுது. பொழுது சாயுறதுக்குள்ள போலீஸ் எல்லாரையும் வெளிய அனுப்பிடுவாங்க, அதனால காலையிலயே போயிடுங்க. நிழல் கிடையாது. குடை, தொப்பி, பெரிய பாட்டில்ல தண்ணி (வீட்டு ஸ்டீல் பாட்டில்) கட்டாயம்.

இடிஞ்ச தேவாலயம், ரயில் நிலையம் எல்லாம் பார்ப்பீங்க. அந்தப் புயல் வந்தது 1964 டிசம்பர் 22 ராத்திரி, விடிஞ்சா 23. பாம்பன்லருந்து வந்த பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிக்குக் கொஞ்சம் முந்தி அலையில போயிடுச்சு. உள்ள இருந்த நூத்துக்கும் மேற்பட்டவங்கள்ல ஒருத்தர்கூட மிஞ்சல. ஊரும் போச்சு. அது வரைக்கும் மெட்ராஸ்லருந்து போட் மெயில்ல வந்து, இங்க கப்பல் ஏறி தலைமன்னார் போய், அங்கருந்து ரயில்ல கொழும்பு போவாங்க. ஒரே டிக்கெட்ல. அவ்வளவு ஜனம் புழங்குன இடம்.

அந்தத் தேவாலயச் சுவர் பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டுனது. உப்புக் காத்துல ஏற்கெனவே உதிருது. அது மேல ஏறி நின்னு போஸ் கொடுக்காதீங்க. கல்லப் பேர்த்து ஞாபகத்துக்குன்னு பையில போடாதீங்க. பாட்டு அலறவிட்டு ஆடாதீங்க. அங்க கடை போட்டிருக்குற பெரியவங்கள்ல சில பேர் அந்த ராத்திரி சொந்தத்த இழந்தவங்க.

கடலப் பத்தி ஒண்ணு. வடக்குப் பக்கம் பாக் விரிகுடா, அமைதியா இருக்கும், பெண் கடல்ம்பாங்க. தெக்குப் பக்கம் மன்னார் வளைகுடா, சீறிக்கிட்டு இருக்கும், ஆண் கடல்ம்பாங்க. அரிச்சல்முனையில ரெண்டும் கலக்குது. நீரோட்டம் அடியில இழுக்கும். மேலருந்து பார்த்தா முழங்கால் ஆழம்தான் தெரியும். கால் நனைக்கிறதோட நிறுத்திக்கோங்க. நம்ம கண்மாயில நீச்சல் அடிச்ச தைரியம் அங்க உதவாது. மீனவர் ஒருத்தர் "இறங்காதீங்க"ன்னு சொன்னா, ஏன்னு கேக்காம மேல ஏறிடுங்க.

டிரோன் கொண்டு போகாதீங்க. கடற்படைக் கண்காணிப்பு இருக்குற எல்லைப் பகுதி. குளிர் மாசங்கள்ல உப்பங்கழியில பூநாரை கூட்டமா நிக்கும், அதுங்க பறக்குறத படம் எடுக்கணும்னு விரட்டாதீங்க. எத்தனையோ தூரம் பறந்து இரை தேடி வந்த பறவை. ரோட்டுலயே நின்னு பார்த்தா நல்லாத் தெரியும்.

மீன்காரங்ககிட்ட

காயப்போட்ட வலைய மிதிச்சு நடக்காதீங்க. தாண்டியும் போகாதீங்க, சுத்திப் போங்க. படகுல ஏறணும்னா கேட்டுட்டு ஏறுங்க, செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க. அவங்களுக்கு அது சாமி.

ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம். மத்த மாசங்கள்லயும் வாரத்துல மூணு நாள் விசைப்படகு, மீதி நாள் நாட்டுப்படகுன்னு முறை இருக்கு. அதனால "கடலோரத்துல வந்து மீன் இவ்வளவு விலையா"ன்னு தடைக் காலத்துல சண்டைக்கு நிக்காதீங்க. வலை போகாத நாள்ல அவங்க வீட்டுல உலை கொதிக்கிறதே சிரமம். தனுஷ்கோடி ரோட்டோரக் கடைகள்ல மீனக் காட்டி விலை பேசி, பிறகு பொரிச்சுத் தரச் சொல்லுங்க. அப்ப யாருக்கும் மனஸ்தாபம் வராது. கோயிலச் சுத்தி சைவம்தான்.

இன்னொண்ணு. இலங்கைக் கடற்படை பிடிச்சிட்டுப் போன கதைய விளையாட்டா கிளறாதீங்க. பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிறவரோட தம்பியே யாழ்ப்பாணத்துச் சிறையில இருக்கலாம். படகு பறிபோய் கடன்ல நிக்கலாம். அவராச் சொன்னா கேளுங்க. போனத் தூக்காம கேளுங்க.

கல்லு, கடல்குதிரை, வாங்குற சாமான்

பவளக்கல்லப் பத்திச் சொல்றதுக்கு முந்தி, நம்மள மாதிரியே தீவுக்கு நேர்ச்சையோட போன ஜனத்தப் பத்தி ஒண்ணு. மெக்சிகோ நாட்டுல கோசுமெல்னு ஒரு தீவு. அந்தக் காலத்து மாயா இனத்துப் பொம்பளைங்க படகுல கடலத் தாண்டிப் போய், இக்ஷெல்ங்கிற அம்மனக் கும்பிட்டுட்டு வருவாங்களாம். பிள்ளைப்பேறுக்கும் நெசவுக்கும் அந்த அம்மன்தான். படிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். உலகத்தோட அந்தக் கோடியிலயும் தீவுக்கு நேர்ச்சையோட போன ஜனம் இருந்திருக்கு. இன்னைக்கு அந்தத் தீவ ஒட்டியுள்ள பவளப்பாறை 1996லருந்து தேசியப் பூங்கா. தொடக்கூடாது, உடைக்கக்கூடாது.

நம்மகிட்டயும் அந்தச் சட்டம் இருக்கு. அவங்களுக்கு முந்தியே, 1986லயே, மன்னார் வளைகுடாவுல 21 தீவச் சேர்த்து கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கியாச்சு. அதுல பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு இப்ப தண்ணிக்கடியில. சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளப்பாறைய வெட்டி வெட்டி எடுத்ததுல, அலையத் தடுக்க ஒண்ணும் இல்லாமப் போச்சு. அதனால யாராவது பவளக்கல்லோ, காஞ்ச கடல்குதிரையோ ரகசியமா விக்க வந்தா வாங்காதீங்க. வனவிலங்குச் சட்டத்துல புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு அதுக்கும் உண்டு. பிள்ளைங்களுக்குப் பவளப்பாறை காட்டணும்னா குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுறாங்க. பணத்த அங்க செலவு பண்ணுங்க. படகு ஏறுற குந்துகால்லதான் 1897 ஜனவரியில விவேகானந்தர் அமெரிக்கா போயிட்டுத் திரும்பி வந்து இறங்கினார். நினைவு மண்டபமும் இருக்கு.

வீட்டுக்கு வாங்கணும்னா பனை ஓலைப் பெட்டி, கருப்பட்டி, கருவாடு. மூணும் அந்த ஊர்க் கை வேலை.

நேரம் இருந்தா பேய்க்கரும்புல கலாம் ஐயா நினைவிடம், பள்ளிவாசல் தெருவுல அவர் வீடு ரெண்டும் பாருங்க. அவங்க அப்பா படகுல ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் பக்தர்கள ஏத்தி இறக்குனவர். தங்கச்சிமடம் பக்கம் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் இருக்கு. ஜூலையில திருவிழா. எல்லா மதத்து ஜனமும் வருவாங்க. கோயிலுக்குப் போற ஆட்டோவ விட்டு இறங்கி நாலு தெரு நடந்தா இந்தத் தீவு எவ்வளவு பேருக்குச் சொந்தம்னு தெரியும்.

எப்பப் போறதுன்னு கேக்குறவங்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்கு மழை, புயல் பயம். காத்து ரொம்ப வேகமா அடிச்சா பாம்பன்ல ரயில நிறுத்திடுவாங்க. சித்திரை, வைகாசி வெயில் பிள்ளைங்களுக்கு ஆகாது. ஆடி, தை அமாவாசையில கால் வைக்க இடம் இருக்காது. தை அமாவாசை முடிஞ்ச பிறகு, மாசி கடைசிக்குள்ள, வார நாளாப் பார்த்துப் போங்க. ஒரு ராத்திரியாவது தங்குங்க. போற தேதிய முடிவு பண்ணிட்டு ஏதாவது கேக்கணும்னா எனக்கு எழுதுங்க, தெரிஞ்சத சொல்றேன்.